ரொட்டி வண்டி பதினோரு மணிக்கு வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஸ்பெயின் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பார்சிலோனா, மாட்ரிட் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததை வைத்து, நாட்டின் நடுவில் இருப்பவை ‘ஆளே இல்லாத ஊர்கள்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அப்படிப்பட்ட ஓர் ஊரில் போன வருடம் ஜூன் கடைசியில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தவள் நான். அங்கே ஆள் இருக்கிறார்கள்.

என் மகள் ஸ்பெயினில் வயாடொலிட் நகரத்தில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை செய்யும் பெண்ணின் அம்மா கிராமத்தில் தனியாக இருக்கிறார், வயது எண்பத்து மூன்று. “உங்கள் அம்மாவும் விவசாயக் குடும்பம்தானே, நாலு நாள் வந்து இருக்கட்டும்” என்று அந்தப் பெண்தான் கூப்பிட்டாள், நாலு நாள் ஆறு நாளாகிவிட்டது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. மொத்தமே அறுபது பேர்தான், பெயரைச் சொன்னால் யார் வீடு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இடம் மட்டும் சொல்கிறேன். ஸ்பெயினின் வடபகுதியில் உள்ள பலென்சியா மாகாணத்தில், ஃப்ரோமிஸ்தா என்ற சிற்றூரிலிருந்து காரில் கொஞ்ச நேரம். அந்தச் சமவெளிக்கு தியேரா தே காம்போஸ் என்று பெயர், வயல்களின் பூமி என்று அர்த்தம். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருந்தாலும் மேடு பள்ளமே தெரியாது, எங்கே திரும்பினாலும் கோதுமை, பார்லி, அதற்கு மேல் வானம். எல்லாம் மானாவாரி. அக்டோபர், நவம்பரில் விதைத்து ஜூன் கடைசி, ஜூலையில் அறுக்கிறார்கள். ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்று அந்த ஊர்ப் பழமொழி ஒன்று உண்டாம். நான் போனது அந்த மூன்று மாதத்தின் தொடக்கம், பகலில் வெயில் கொளுத்தியது, ராத்திரி கம்பளி தேடினேன்.

வீடுகள் பாதிக்கு மேல் மண் வீடுகள். மண்ணோடு வைக்கோல் துணுக்கைப் போட்டுப் பிசைந்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்த கல். எங்கள் பக்கத்தில் பச்சைக் கல் என்போம், அவர்கள் அதோபே என்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓடு ஒன்று நழுவினால் போதும், அங்கிருந்து மழைத் தண்ணீர் இறங்கிச் சுவர் கரையத் தொடங்கிவிடுகிறது. ஒரு வீட்டின் சுவர் பாதி வயலோடு வயலாகக் கலந்து கிடந்தது, அதற்குள் ஒரு மர அலமாரி மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே வட்டமாகவும் சதுரமாகவும் மண்ணால் கட்டிய பெரிய புறா மாடங்கள் இருக்கின்றன. முன்பு புறாக் குஞ்சு கறிக்கு, எச்சம் வயலுக்கு எரு. இப்போது அவற்றிலும் பல இடிந்து கிடக்கின்றன.

சரி, ரொட்டிக்கு வருகிறேன். ஊரில் கடை கிடையாது. காலை பதினோரு மணிக்கு ரொட்டி வண்டி வரும், ஹாரன் நீளமாக அடிக்கும். எல்லோரும் வெளியே வரமாட்டார்கள், சிலர் வாசல் கதவின் கைப்பிடியில் ஒரு துணிப்பையை மாட்டிவிடுவார்கள். ரொட்டிக்காரர் அதில் ரொட்டியைப் போட்டுவிட்டுப் போவார், காசு வாரக் கடைசியில். மூன்றாம் நாள், எதிர் வரிசையில் ஒரு வீட்டு முன்னால் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதைப் பார்த்தேன். முந்தின நாள் போட்ட ரொட்டி பையிலேயே இருந்தது. கதவைத் தட்டினார், ஜன்னலைத் தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள், எங்கள் அம்மாள் (அவரை அப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது), கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். அடுத்த இரண்டு நிமிடத்தில் தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடைசியில், அந்த வீட்டுப் பெரியவரைப் பேரன் முந்தின நாளே நகரத்துக்குக் கூட்டிப் போயிருந்தது தெரிந்தது, பையை எடுக்க மறந்திருக்கிறார்கள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். இதை ஆளில்லாத ஊர் என்று எப்படி எழுதுவது?

ஸ்பெயினிலேயே இந்தச் சொல் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. முன்பு ‘காலி ஸ்பெயின்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிராமத்துக்காரர்கள் அதை ஒத்துக்கொள்ளாமல் ‘எஸ்பான்யா பாசியாதா’, அதாவது காலியாக்கப்பட்ட ஸ்பெயின் என்று மாற்றினார்கள். தானாகக் காலியாகவில்லை, காலியாக்கினார்கள் என்பதுதான் அந்தச் சொல்லில் இருக்கும் கோபம். 2019 மார்ச் 31 அன்று மாட்ரிட்டில் அந்தப் பெயரோடு பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அதே வருடம் நவம்பரில் நடந்த தேர்தலில், ‘தெருவெல் இருக்கிறது’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் அமைப்பு, தெருவெல் மாகாணத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரையே அனுப்பியது. நாங்கள் இருக்கிறோம் என்பதையே கட்சிப் பெயராக வைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எப்படிக் காலியானது என்று அந்த அம்மாளிடம் கேட்டேன், மகளின் தோழி மொழிபெயர்த்தாள். அவர் பதில் சொல்லாமல் என்னைக் கொல்லைப்புறக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். சுவரில் ஒரு பெரிய பலகை சாய்த்து வைத்திருந்தது, முன்பக்கம் சற்றே வளைந்து, என் நெஞ்சு உயரம். என் கையைப் பிடித்து அதன் அடிப்பக்கத்தில் வைத்தார். வரிசை வரிசையாகச் சிக்கிமுக்கிக் கல் சில்லுகளைப் பதித்திருந்தார்கள், இன்னும் விரலைக் கிழிக்கும் கூர்மை. திரியோ என்று பேர். களத்தில் கதிரைப் பரப்பி, இந்தப் பலகையைக் கோவேறு கழுதைகளில் பூட்டி, மேலே ஆளோ பிள்ளைகளோ உட்கார்ந்து சுற்றிச் சுற்றி வருவார்கள். கதிர் அறுபட்டு மணி உதிரும், பிறகு காற்றில் தூற்றுவது. நான் சின்ன வயதில் மாடு கட்டிப் போரடித்ததைப் பார்த்தவள், கையால் சைகை காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, சிரித்தார்.

அப்புறம் சொன்னார். அறுவடைக்கு முன்பெல்லாம் ஊரே வேண்டும். டிராக்டர் வந்தது, அறுவடை மெஷின் வந்தது, சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை அரசாங்கம் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தது (1952-இல் அதற்கென்று சட்டம் போட்டிருக்கிறார்கள்), அதோடு ஆட்களுக்கு வேலை போயிற்று. 1950-களிலிருந்து 70-கள் வரை சனம் பில்பாவோ ஆலைகளுக்கும் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் கிளம்பியது. அவருடைய ஐந்து சகோதர சகோதரிகளில் நான்கு பேர் அப்படிப் போனவர்கள். இன்று பலென்சியா மாகாணம் முழுவதும் சுமார் 1.6 லட்சம் பேர்தான், 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 191 ஊராட்சிகள். அந்த 1.6 லட்சத்திலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மாகாணத் தலைநகரான பலென்சியா நகரத்தில் மட்டும் இருக்கிறார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஃப்ரோமிஸ்தாவில் காஸ்தில்யா கால்வாயைப் பார்க்கப் போனோம். 1753-இல் வெட்டத் தொடங்கி 1849-இல் முடித்த 207 கிலோமீட்டர் கால்வாய். இந்தச் சமவெளியின் கோதுமையைப் படகில் ஏற்றி வடக்குக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோகத்தான் வெட்டினார்கள். படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் மதகுகள் நாலு அடுத்தடுத்துப் படிக்கட்டு மாதிரி நிற்கின்றன, கல் வேலை அத்தனை நேர்த்தி. முடிந்த கொஞ்ச வருடத்திலேயே ரயில் வந்துவிட, படகுக்கு வேலையில்லாமல் போயிற்று. இப்போது அந்தத் தண்ணீர் பாசனத்துக்குப் போகிறது.

நான் ஆசிரியையாக இருந்தவள், அதனால் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வகுப்பறை இப்போது மருத்துவ அறை, வாரத்துக்கு இரண்டு நாள் டாக்டர் வருகிறார். கரும்பலகை மட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது, அதில் அடுத்த வாரம் டாக்டர் வரும் நேரத்தைச் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். அதன் முன்னால் என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

ராத்திரி பத்து மணிக்குத்தான் அங்கே இருட்டுகிறது. அந்த நேரத்துக்கு அவரவர் வீட்டு நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். சர்ச் கோபுரத்து நாரைக் கூட்டிலிருந்து அலகு தட்டும் சத்தம், தூரத்தில் அறுவடை மெஷினின் விளக்கு, அவ்வளவுதான். நம்மூர் கிராம சபை போல, மிகச் சிறிய ஊர்களில் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் பழைய வழக்கம் ஒன்று அங்கே உண்டு, ஸ்பெயின் அரசியல் சாசனத்தின் 140-வது பிரிவிலேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊரிலும் தெருவிளக்கிலிருந்து திருவிழா வரை ஆளுக்கு ஒரு கருத்து, சத்தமாகவே சொல்கிறார்கள். ஆகஸ்டில் திருவிழா, போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் வந்து இருநூறு முந்நூறு பேர் ஆகிவிடுமாம். அதற்காக ஜூனிலேயே அந்த அம்மாள் படுக்கை விரிப்பெல்லாம் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் பயண எழுத்தாளர்களை அடுத்த முறை இப்படி ஓர் ஊரில் இறங்கச் சொல்லுங்கள் ஐயா. ஜூலை முதல் வாரம் என்றால் கோதுமை அறுவடையைப் பார்க்கலாம். பேருந்து முன்கூட்டியே போன் செய்தால்தான் வரும். அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை எதிலாவது பருப்பு கேளுங்கள், அங்கே விளையும் பழுப்பு நிறச் சின்னப் பயறு, வாசனையே தனி. தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள், அங்கே சொல்லாமல் போவது மரியாதை இல்லை. ரொட்டி வேண்டுமென்றால் பதினோரு மணிக்கு வாசலில் நில்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.