சும்மா இருந்த நேரம்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையில், இலக்கை எட்டாதவர்களையும் கூடுதல் நேர வேலைக்கு இசையாதவர்களையும் 'சோம்பல் மனப்பான்மை கொண்டோர்' என்று குறித்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கிடங்கில் எங்கள் நேரம் எப்படி அளக்கப்படுகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கையிலுள்ள ஸ்கேனர் சில நிமிடங்கள் ஓய்ந்திருந்தால் அது 'சும்மா இருந்த நேரம்' என்று பதிவாகிறது. கழிப்பறைக்குப் போய்வருவதும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. என்னுடன் வேலை செய்யும் அக்கா ஒருவர், முழங்கால் வலி பொறுக்காமல் ஒரு பெட்டியின் மீது ஆறு நிமிடம் உட்கார்ந்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் பெற்றார். அதே நாள் ஷிப்ட் முடிந்தபின், வெளியே செல்வதற்கான சோதனை வரிசையில் அதே முழங்காலோடு அவர் அரைமணி நேரம் நின்றார். நாங்கள் எல்லோருமே நாள்தோறும் நிற்கிறோம். அந்த அரைமணி நேரம் எந்தப் பதிவிலும் இல்லை. அதற்குக் கூலியும் இல்லை.

சோம்பல் என்று ஒன்றே கிடையாது என நான் வாதாடவில்லை. தன் பங்கு வேலையை அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்பவரை நாங்களும் மதிப்பதில்லை, ஏனெனில் அந்தச் சுமை எங்கள் மீதுதான் விழுகிறது. ஆனால் இந்த அளவுகோலை எல்லோருக்கும் வைக்கவேண்டும் அல்லவா? எங்கள் பிரிவிலிருந்து இருவர் விலகியபின் அந்த இடங்களை நிரப்பாமல், மீதமிருப்பவர்களின் இலக்கை உயர்த்தியது யார்? அவர்கள் இருவருக்கும் தந்துவந்த சம்பளம் இப்போது யாரிடம் சேர்கிறது? பிறர் உழைப்பிலிருந்து வரும் ஈவுத்தொகையிலேயே வாழ்நாளைக் கழிப்பவரை எந்தச் சுற்றறிக்கையும் சோம்பேறி என்பதில்லை. களைத்து உட்கார்ந்தவரைத்தான் அப்படி அழைக்கிறது. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஓய்வு இன்று நேற்று எழுந்த கோரிக்கையும் அல்ல. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தன் முதல் உடன்படிக்கையிலேயே தொழிற்சாலைப் பணிகளுக்கு வகுத்தது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 24ஆம் பிரிவில், ஓய்வையும் வேலைநேரத்துக்கு நியாயமான வரம்பையும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாக, 2016இல் மட்டும் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் சுமார் 7,45,000 பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனமும் அந்தத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. கூடுதல் நேரத்துக்கு இசையாதவர்கள் தங்கள் உடம்பைக் காத்துக்கொள்ளவே மறுத்தார்கள்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: 'சோம்பல்' என்ற சொல்லைச் சுற்றறிக்கையிலிருந்து நீக்குங்கள், அக்காவுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்யுங்கள், சோதனை வரிசையில் கழியும் நேரத்தை வேலைநேரமாகப் பதிந்து அதற்குரிய கூலியைத் தாருங்கள். அவர் இன்றும் ஷிப்டுக்கு வந்திருக்கிறார். உட்கார அஞ்சி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இப்படிக்கு,
கிடங்குத் தொழிலாளி ஒருவர்