ஆய்வக எலிகளும் அவற்றை வளர்ப்பவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்தைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஆய்வக எலிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, அதனால் எங்கே சோதித்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அனிமல் ஹவுஸில், அதாவது சோதனை விலங்குகளை வளர்க்கும் பகுதியில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

மரபணு வரைக்கும் சரி. கூடப்பிறந்த ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்த்து, அவற்றின் குட்டிகளிலும் அப்படியே செய்து, 20 தலைமுறை தாண்டினால்தான் அதை இன்பிரெட் வகை என்பார்கள். நீங்கள் படத்தில் போட்டிருப்பது வெள்ளை எலி. உலகத்தில் அதிகம் புழங்குகிற இன்பிரெட் வகை கறுப்பு. பிளாக் சிக்ஸ் என்போம். அந்த பிளாக் சிக்ஸையே இரண்டு அறைகளில் இரண்டு பேர் வளர்க்கட்டும், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் ஏசி. எலி அறையை 22 டிகிரி வாக்கில் வைப்பார்கள். அங்கி, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு வேலை செய்கிற நமக்கு அது சுகம். இருபத்தைந்து கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு அது குளிர். அதற்கு இதமான சூடு 30 டிகிரியை ஒட்டியது. கூடு கட்டக் காகிதத் துண்டோ பஞ்சோ கொடுக்காவிட்டால், தின்பதில் பெரும்பங்கை உடம்புச் சூட்டைக் காப்பாற்றவே அது செலவழிக்கும். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 30 டிகிரியில் வைத்த எலிகளுக்குக் கட்டி மெதுவாக வளர்ந்தது, 22 டிகிரியில் வைத்தவற்றுக்கு வேகமாக வளர்ந்தது. உங்கள் கட்டுரை புற்றுநோய் மருந்தைப் பற்றியது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

அப்புறம் வாசனை. பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஆண் வாசனையே படாமல் பெண்களை ஒரே கூண்டில் நெருக்கி வைத்தால் அந்தச் சுழற்சி குழம்பிவிடும். அப்போது ஆண் கூண்டில் படுக்கையாகப் பரப்பிய, மூத்திரம் படிந்த உமியில் ஒரு பிடி எடுத்துப் பெண் கூண்டில் போடுவோம். மூன்றாம் நாள் பல பெண்கள் சேர்ந்தாற்போல் பருவத்துக்கு வரும். இணை சேர்க்கும்போது பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் ஆண் புது இடத்தை மோந்து, மூலைக்கு மூலை மூத்திரம் விட்டு உரிமை கொண்டாடுவதிலேயே பொழுதைப் போக்கிவிடும். மறுநாள் விடிந்ததும் பெண்ணிடம் பிளக் இருக்கிறதா என்று பார்ப்போம்; இணை சேர்ந்ததற்கு அடையாளமாகப் பிறப்புறுப்பை அடைத்திருக்கும் கெட்டியான பொருள் அது. தாமதித்தால் உதிர்ந்துவிடும், அப்புறம் சினை நாளைக் கணக்கிட முடியாது.

பிளக் பார்த்த பெண்ணை அடுத்த சில நாளில் முன்பின் தெரியாத ஓர் ஆணோடு விட்டால், ஏன், அதன் அழுக்கு உமி பட்டாலே, கரு தங்காமல் போகலாம். லண்டனில் ஹில்டா புரூஸ் 1959இல் கண்டறிந்த விஷயம் இது. வேலைக்குப் புதிதாக வந்த பையனுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்று வையுங்கள். அவன் எந்தக் கூண்டு உமி எது என்று பாராமல் கலந்துவிட்டால், பிரசவத்துக்கு மூன்று வாரம் காத்திருக்கும் மாணவிக்குக் கையில் ஒன்றும் இருக்காது. மருந்தில்தான் கோளாறு என்று அவள் எழுதிவைக்கவும் கூடும்.

குட்டி ஈன்ற பிறகும் பார்வை வேண்டும். மயிரில்லாத சிவந்த குட்டியின் வயிற்றில் குடித்த பால் வெள்ளையாகத் தோல் வழியே தெரியும். தெரியவில்லையென்றால் தாய் பால் கொடுக்கவில்லை. ஆண்களை ஒரே கூண்டில் வைத்திருந்தால், கழுவி மாற்றும் நாளில்தான் சண்டை வரும். கட்டிய கூட்டை மட்டும் புதுக் கூண்டுக்கு எடுத்துப் போட்டால் சண்டை குறையும். மூத்திர உமியையும் சேர்த்துப் போட்டால் கூடும்.

வாலைப் பிடித்துத் தூக்குவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்டும் 2010இல் காட்டினார்கள்: வாலைப் பிடித்தால் எலி மிரளும், சிறு குழாயிலோ குவித்த கையிலோ ஏந்தினால் தானாகவே ஆளிடம் வரும். மிரண்ட எலியிடம் நடத்தைச் சோதனை செய்தால் அதன் மிரட்சியைத்தான் அளப்பீர்கள். மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2014இல் இன்னொன்று பார்த்தார்கள். அறையில் ஆண் ஆராய்ச்சியாளர் இருந்தால் எலி பதற்றப்படுகிறது, வலியைக்கூடக் குறைவாகக் காட்டுகிறது. ஆண் போட்டுக் கழற்றிய சட்டையை அருகில் வைத்தாலே போதுமாம். இதைச் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை.

பிளாக் சிக்ஸின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரான்பியில் அபி லாத்ராப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை எலிப்பண்ணை வைத்திருந்தார். தன் எலிகள் சிலவற்றின் தோலில் புண்ணையும் கட்டியையும் கவனித்து அறிவியலாளர்களுக்கு அனுப்பினார். நோயியலாளர் லியோ லோப் அதைப் புற்றுநோய் என்று கண்டார். பிறகு இருவரும் சேர்ந்தே ஆய்வுக்கட்டுரைகள் எழுதினார்கள். லாத்ராப் 1918இல் இறந்தார். அவர் பண்ணையிலிருந்து வந்த எலிகளைக் கொண்டுதான் மரபியலாளர் கிளாரன்ஸ் லிட்டில் 1921இல் இந்த வகையைத் தொடங்கினார். கட்டியை முதலில் கண்டது எலியைத் தினமும் கையிலெடுத்தவர்தான்.

இங்கே நிலைமை வேறு. அனிமல் ஹவுஸ் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டு, ஆள் கைப்பழக்கம் பெறுவதற்குள் வேறு ஆளை மாற்றுவதை நான் வேலை பார்த்த இடத்திலேயே பார்த்தேன். விலங்குச் சோதனைகள் பற்றிய 1998ஆம் ஆண்டு விதிகள் சொல்கிற நெறிமுறைக் குழுவில் கால்நடை மருத்துவர் உண்டு, அறிவியலாளர்கள் உண்டு. கூண்டு கழுவுபவருக்கு நாற்காலி கிடையாது. குழு கூடும்போது அவருடைய பதிவேட்டையாவது வாங்கிப் படிக்கலாம் அல்லவா?

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். எலியில் மருந்து வேலை செய்தது என்று செய்தி போடும்போது எந்த வகை, ஆணா பெண்ணா, எத்தனை வார வயது, அறைச் சூடு எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அதைச் சொல்லத் தெரியாத ஆராய்ச்சியாளரிடம் மேலே கேட்க வேண்டியது நிறைய இருக்கும்.

உங்கள் நிருபர் ஏதாவது ஓர் அனிமல் ஹவுஸுக்குப் போக அனுமதி கிடைத்தால், விளக்கு அணைந்த பிறகு மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் போனால் தூங்குகிற எலியைத்தான் பார்க்க முடியும். சென்ட் போட வேண்டாம். சாவிக்கொத்தையும் வெளியிலேயே வைத்துவிட்டுப் போகட்டும், நமக்குக் கேட்காத அதன் கிரீச்சொலி எலிக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அனிமல் ஹவுஸ் பராமரிப்பாளர்,
குரோம்பேட்டை, சென்னை