ஏழு பெண்கள், ஐந்து வாத்தியங்கள்: இன்னும் 6,650 டாலர் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் அரங்கத்துக்கு மீதிப் பணம் கட்டியாக வேண்டும். தவறினால் நமக்கு ஒதுக்கிய மூன்று இரவுகளும் வேறொரு குழுவுக்குப் போய்விடும். கறுப்பின அமெரிக்கக் கவிஞர் என்டோசாகே ஷாங்கேயின் 'ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்' நாடகத்துக்குப் புதிதாக மெட்டுப் போட்டு கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் மேடையேற்றும் வேலை அத்தோடு நின்றுவிடும்.

இது நம் பக்கத்து ஊரில் பிறந்த படைப்பு. 1974 டிசம்பரில், பெர்க்லி அருகே பாக்கனால் என்ற பெண்கள் மதுக்கூடத்தில் ஷாங்கே தோழிகளோடு முதன்முதலாக இதைச் சொல்லி ஆடினார். கவிதையும் ஆட்டமும் கலந்த இந்த வடிவத்துக்குக் 'கோரியோபோயம்' என்று அவரே பெயர் வைத்தார். இரண்டே வருடத்தில், 1976 செப்டம்பரில், நியூயார்க்கின் பெரிய நாடகத் தெருவான பிராட்வேயில் பூத் அரங்கம். 742 காட்சிகள்! கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வே ஏறிய இரண்டாவது நாடகம் இது. முதலாவது 1959-ல் லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதியது.

எங்கள் குழுவின் மூத்த அம்மா அதை அங்கேயே பார்த்தவர். நுழைவுச் சீட்டின் கிழித்த பாதியைத் தன் பைபிளில் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார். மை மங்கிவிட்டது. "தொட்டுப் பார், மடக்கிவிடாதே" என்பார்.

நாடகத்தில் ஏழு பெண்கள். யாருக்கும் பெயர் கிடையாது, ஆளுக்கொரு நிறம்தான். மஞ்சள் உடைப் பெண்ணின் பள்ளி இறுதி நாள் இரவுக்குச் சோல் இசை, பச்சை உடைப் பெண்ணுக்கு ப்ளூஸ்; இரண்டும் கறுப்பின மக்களின் இசை வகைகள். சிவப்பு உடைப் பெண், கிறிஸ்டல் என்ற தாயின் இரண்டு குழந்தைகளும் ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து விழும் கதையைச் சொல்கிறாள். அங்கே டிரம்ஸ், சாக்ஸபோன் எல்லாம் அடங்கி, பேஸ் கிடாரின் ஒரே தந்தி மட்டும் ஒலிக்கும். போன ஒத்திகையில் அது நின்ற பிறகும் வாத்தியக்காரர்கள் கையைத் தூக்கவில்லை. அப்புறம்தான் ஏழு பேரும் ஒருவரையொருவர் தொட்டு, தனக்குள்ளேயே கடவுளைக் கண்டதைப் பாடுகிறார்கள். அந்த இடத்தில் மூத்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். ஷாங்கேயின் சொல் ஒன்றைக்கூட நாங்கள் மாற்றவில்லை.

சரி, கணக்கு. ஏழு பெண்களுக்கு 8,400 டாலர். ஐந்து வாத்தியக்காரர்களுக்கு 4,500. அரங்கம் 3,600, ஒலி ஒளி 2,800, நாடக உரிமம் 1,500, காப்பீடும் அச்சுச் செலவும் 1,200. ஆக 22,000. கையில் 15,350 இருக்கிறது.

அந்தத் தொகையைத் தந்தவர்களை மறக்க முடியாது. முதல் கூட்டத்திலேயே உறையை நீட்டிய மளிகைக்கடை அண்ணன், மகள் கல்யாணச் செலவுக்கு நடுவிலும் 500 டாலர் அனுப்பிய அக்கா, மாதம் 20 டாலர் தவறாமல் தரும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், பிறந்தநாள் காசை உண்டியலோடு கொண்டுவந்த இரண்டு பிள்ளைகள், ஒத்திகை தவறாமல் சோறு கொண்டுவரும் தேவாலயத்துச் சகோதரிகள்: உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. இறைவன் உங்கள் குடும்பங்களைக் காக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் பொங்கல் விழா ஒத்திகைக்கு நான்கு வருடமாக அந்தத் தேவாலயம்தான் கூடத்தைத் திறந்துவிடுகிறது. ஒரு டாலர் வாடகை கேட்டதில்லை. போன வருடம் அந்தக் கூடத்தில் ஆடியவர்கள் 61 குடும்பத்துப் பிள்ளைகள். நன்கொடைப் பட்டியலில் அந்தக் குடும்பங்களில் 9 பெயர்கள்தான் இருக்கின்றன. அந்தச் சகோதரிகளிடம் பட்டியலைக் காட்ட எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறு மாலை 4 மணிக்கு அதே கூடத்தில் ஒத்திகை. வந்து கேளுங்கள். வாசல் மேசையில் ரசீதுப் புத்தகம் இருக்கும், காசோலையும் வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
நாடகக் குழுவினர்