உங்கள் ஏசியை இனி எங்கள் பட்டறையிலிருந்தே கவனிக்கப் போகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாளாக நம் பையன்கள் சர்வீசுக்கு வரும்போது, ஏசி மெஷின்கள் இருக்கும் பிளான்ட் ரூமிலோ மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் பக்கத்திலோ, ஏசி எப்படி ஓடுகிறது என்று படித்து எங்கள் பட்டறைக்கு அனுப்பும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருப்பார்கள். சிலர் உடனே சரி என்றீர்கள். சிலர் "இது கேமராவா?" என்றீர்கள். ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர், "எழுத்தில் கொடுங்கள், முதலாளியிடம் காட்டணும்" என்றார். அவர் கேட்டது நியாயம். முதலிலேயே எல்லாருக்கும் எழுதியிருக்க வேண்டும், இப்போது எழுதுகிறேன்.

போன ஆடித் தள்ளுபடி நேரத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நம் ஏஎம்சியில் (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) இருக்கும் ஒரு துணிக்கடை, சனிக்கிழமை மாலை 5 மணி, இரண்டு மாடியிலும் நிற்க இடமில்லாத கூட்டம். மூன்று கம்ப்ரசரில் இரண்டு ஹை பிரஷரில் ட்ரிப் ஆகி நின்றுவிட்டன. போன் வந்ததும் மெக்கானிக் கிளம்பினார், ஆனால் சென்னையில் சனிக்கிழமை மாலைப் போக்குவரத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்வதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் வெளியே போய்விட்டார்கள். காரணம் என்னவென்றால், பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்து, அந்தச் சிமெண்ட் தூசி முழுக்க, சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் காயிலில் படிந்து அடைத்திருந்தது. நாங்கள் கழுவி 5 வாரம்தான் ஆகியிருந்தது, அடுத்த முறை வர இன்னும் 3 வாரம் இருந்தது. அட்டவணைப்படி எங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் அந்த மெஷின் திடீரென்று நிற்கவில்லை. காயில் அடைத்தால் உள்ளே இருந்து எடுத்த சூடு வெளியே போகாது, கேஸ் பிரஷர் ஏறும், அந்தப் பிரஷரைத் தள்ள கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுக்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கண்டென்சரின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் கம்ப்ரசர் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் கூடுதலாக மின்சாரம் தின்னும். அப்படியென்றால் ட்ரிப் ஆவதற்கு முன்னால் பல நாள், உள்ளே ஜில்லென்று இருந்தபோதே, அந்தக் கடைக்காரர் ஈபிக்குக் கூடுதலாகப் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மெஷின் கஷ்டப்பட ஆரம்பிக்கும் நாளுக்கும் உங்களுக்கு வியர்க்கும் நாளுக்கும் நடுவே பல சமயம் சில வாரங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் நாங்கள் வந்து நிற்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பெட்டி.

பெட்டிக்குள் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. புதிய மாடல் விஆர்எஃப் (ஒரு அவுட்டோர் யூனிட்டில் பல இன்டோர் யூனிட் ஓடுவது), சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடத்துக்குள் அனுப்புவது) எல்லாவற்றிலும் தகவல் எடுக்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. மோட்பஸ் என்று ஒரு முறை, 1979-லிருந்து தொழிற்சாலைகளில் இருப்பது, இரண்டே ஒயரில் வேலை செய்யும். பெரிய கட்டடங்களில் பேக்நெட் இருக்கும், அது 1995-ல் வந்த தரம். இரண்டில் எது இருந்தாலும் எங்கள் பெட்டி படித்துக்கொள்ளும். பழைய டக்டபிள் யூனிட், பேக்கேஜ் யூனிட் என்றால் கரண்ட் ஒயரின் மேல் கிளிப் போல ஒரு சிடி, அதாவது எவ்வளவு ஆம்பியர் போகிறது என்று அளக்கும் சென்சார், மாட்டுவோம், காற்று போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் ஒவ்வொரு வெப்பநிலை சென்சார், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் காற்றழுத்தம் பார்க்க ஒரு மெல்லிய டியூப். அவ்வளவுதான். எந்த ஒயரையும் வெட்ட மாட்டோம். வாரண்டியில் இருக்கும் மெஷின் என்றால் கம்பெனி ஆளிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் தொடுவோம்.

இதுவரை 11 இடங்களில் மாட்டிப் பார்த்தோம். எங்களுக்கே கண் திறந்தது போல இருந்தது.

ஒரு அலுவலகத்தில் ராத்திரி 2 மணிக்கு ஏஹெச்யூ (குளிர்ந்த காற்றை அறைகளுக்குத் தள்ளும் யூனிட்) ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்ததில் டைமரின் நேரம் தவறிப்போய், யாரும் கவனிக்காமல் தினமும் விடிய விடிய ஓடியிருக்கிறது. 5 எச்பி மோட்டார் ஏறக்குறைய 3.7 கிலோவாட், ராத்திரி 10 மணி நேரம் என்றால் 37 யூனிட், மாசத்துக்கு 1,100 யூனிட் பக்கம். உங்கள் பில்லில் யூனிட் விலை எவ்வளவு என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். இதில் ரிப்பேர் என்று எதுவும் இல்லை, டைமரைத் திருத்தி வைத்தோம், 5 நிமிஷ வேலை.

இன்னொரு அலுவலகத்தில் "மத்தியானம் ஆனால் எல்லாருக்கும் தலை கனக்கிறது, ஏசியைச் சரி பாருங்கள்" என்று ஒரு வருஷமாகவே கம்ப்ளைண்ட். நாங்களும் போய்ப் போய் கேஸ் பார்த்தோம், காயில் கழுவினோம், வெப்பநிலை சரியாகத்தான் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு சென்சார் வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) சுற்றி இருக்கும், அறைக்குள் 1,000-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் ஆட்களுக்குப் போதுமான வெளிக்காற்று வரவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே மாலை 3 மணிக்கு 1,900. மேலே போய்ப் பார்த்தால் வெளிக்காற்று வரும் டாம்பரை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) யாரோ கரண்ட் மிச்சம் ஆகட்டும் என்று மூடி, கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். நாற்பது பேர் ஒருவர் விட்ட மூச்சையே ஒருவர் இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது, ஏனென்றால் ஏசி என்றால் குளிர் மட்டும்தான் என்று நாங்களும் பழகிப்போயிருந்தோம், காற்றைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

ஈரப்பதமும் அப்படித்தான். ஐப்பசி மழையில் உள்ளே பிசுபிசுப்பாக இருந்தால் கை தானாக ரிமோட்டுக்குப் போய் 18-ல் வைத்துவிடும். பல இடத்தில் பிரச்சனை வெப்பநிலை இல்லை, காற்றில் இருக்கும் தண்ணீர்தான். தேவைக்கு மேல் பெரிய யூனிட் போட்டிருந்தால் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை நின்று ஓடுகிறது என்று எண்ணினால் இது தெரிந்துவிடும். அதைச் சரி செய்தால் 24-லேயே நன்றாக இருக்கும். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதே, அது சும்மா வைத்ததில்லை. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகும் என்று, நட்சத்திர முத்திரை கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. சொல்கிறது.

சில்லர் வைத்திருக்கும் மருத்துவமனை, மால்காரர்களுக்குத் தனியாக ஒன்று. குளிர்ந்த தண்ணீர் 7 டிகிரியில் போய் 12-ல் திரும்ப வேண்டிய இடத்தில் 9-லேயே திரும்பினால், தண்ணீர் சும்மா சுற்றிவிட்டு வருகிறது, பம்ப் வீணாக உழைக்கிறது என்று அர்த்தம். வால்வு மாட்டிக்கொண்டிருக்கும், இல்லை ஏஹெச்யூ காயிலில் அழுக்கு இருக்கும். ஃபேன், பம்ப் இரண்டுக்கும் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி இருந்தும் அதை எப்போதும் 50 ஹெர்ட்ஸிலேயே ஓட விட்டிருப்பவர்களும் இருக்கிறீர்கள். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தாலே ஃபேன் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். போர் தண்ணீர் போடும் கூலிங் டவர்களில் உப்பு படிவதும் எங்கள் கணக்கில் நாளுக்கு நாள் தெரியும், டியூப் அடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மண்டபக்காரர்களுக்கு: முகூர்த்தம் 6 மணிக்கு என்றால் ஹாலை எத்தனை மணிக்கு ஆன் செய்வது என்று இப்போது வாட்ச்மேன்தான் முடிவு செய்கிறார். பாவம், அவர் திட்டு வாங்காமல் இருக்க 3 மணிக்கே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார். நாலைந்து கல்யாணத்தின் பதிவு கையில் இருந்தால் உங்கள் ஹால் குளிர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எங்களால் சொல்ல முடியும்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பேஸ்மெண்ட்டில் பம்பும் பேனலும் மூழ்கியவர்கள் இதைப் படிக்கிறீர்கள். அந்த ராத்திரி உங்களில் எத்தனை பேர் போன் செய்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, எங்களால் வரவும் முடியவில்லை. இனி பேஸ்மெண்ட் பிளான்ட் ரூம் இருக்கிற இடங்களில் தரையில் ஒரு தண்ணீர் சென்சார் வைக்கிறோம், பெட்டியைத் தரைத் தளத்துக்கு மேலே, பேட்டரியோடு மாட்டுகிறோம். வெள்ளத்தை இது நிறுத்தாது. ஆனால் பேனலின் மெயினை அணைக்க உங்கள் ஆளுக்கு நேரம் கிடைக்கும்.

சரி, இனி நீங்கள் கேட்ட கேள்விகள்.

எங்கிருந்தோ உட்கார்ந்து எங்கள் ஏசியை அணைத்துவிடுவீர்களா? மாட்டோம், முடியவும் முடியாது. பெட்டி படிக்க மட்டும்தான் செய்யும், எதையும் மாற்றாது. பில் பாக்கி இருக்கிறது என்று அணைத்துவிடுவோமோ என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்படி ஒரு வழியே அதில் வைக்கவில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் புகுந்துவிட்டால்? இந்தப் பயம் ரொம்பச் சரியானது. 2013 கடைசியில் அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைக் குழுமத்தில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் திருடு போயின. திருடர்கள் உள்ளே நுழைந்தது, அங்கே குளிர்சாதன வேலை பார்த்த ஒரு ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைத் திருடித்தான். எங்கள் தொழில்காரர் ஒருவர் வழியாக. அதைப் படித்ததிலிருந்து ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: உங்கள் வைஃபை, உங்கள் லேன் எதுவும் எங்களுக்கு வேண்டாம், கொடுத்தாலும் வாங்க மாட்டோம். பெட்டிக்குள் தனி சிம் இருக்கும், அது எங்கள் சர்வருக்கு மட்டும் பேசும், வெளியிலிருந்து யாரும் அதைக் கூப்பிட முடியாது. ஏற்கெனவே பிஎம்எஸ் (கட்டடத்தின் மெஷின்களைக் கம்ப்யூட்டரில் கவனிக்கும் ஏற்பாடு) வைத்திருக்கும் கட்டடங்களில் உங்கள் ஐடி ஆளை வைத்துக்கொண்டுதான் இணைப்பு கொடுப்போம்.

எங்கள் ஆட்களை வேவு பார்க்குமா? கேமரா இல்லை, மைக் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு அளவைப் பார்த்தால் ஒரு அறையில் ஆள் இருக்கிறார்களா, கூட்டம் அதிகமா குறைவா என்று ஊகிக்க முடியும். யார் என்று தெரியாது, எத்தனை மணிக்கு அறை காலியானது என்பது தெரியும். அதனால் இந்தக் கணக்கை உங்களையும் எங்கள் சர்வீஸ் மேஜையையும் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். ஏஎம்சி முடிந்து நீங்கள் வேறு ஆளிடம் போனால் முழுப் பதிவையும் உங்களிடம் கொடுத்துவிட்டு எங்களிடம் இருப்பதை அழித்துவிடுவோம். அது உங்கள் கட்டடத்தின் கணக்கு.

இனி மெக்கானிக் வர மாட்டாரா? வருவார். சென்சாருக்கு ஃபில்டர் கழுவத் தெரியாது, பேரிங் சத்தம் மாறியதைக் காதால் கேட்கத் தெரியாது, டிரெயின் டிரேயில் பாசி பிடித்த வாடை அதற்கு வராது. வருகிற நாள்தான் மாறும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் சும்மா கழற்றி மாட்ட மாட்டோம், அடைத்தால் தேதி வரும்வரை காத்திருக்கவும் மாட்டோம். வருஷத்துக்கு இத்தனை விசிட் என்று ஒப்பந்தத்தில் இருப்பதில் ஒன்றும் குறையாது.

தொடக்கத்தில் ஒரு தப்பு செய்தோம், அதையும் சொல்கிறேன். எல்லா அலாரத்தையும் வாடிக்கையாளருக்கே எஸ்எம்எஸ் ஆக அனுப்பினோம். கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தால்கூட மெசேஜ். ஒரே வாரத்தில் எல்லாரும் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள், உண்மையான அலாரம் ஒன்று அதில் மூழ்கிப்போனது. இப்போது அலாரம் முதலில் எங்களுக்குத்தான் வரும், எங்கள் ஆள் பார்த்து, அவசரம் என்றால் உங்களுக்குப் போன் செய்வார். காலை 7 முதல் இரவு 10 வரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்குப் பிறகு மருத்துவமனைகளுக்கும் குளிர் அறை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான் ஆள் உண்டு. எங்கள் அளவுக்கு இப்போது அவ்வளவுதான் முடியும்.

பெட்டிக்கும் சிம்முக்கும் முதல் 6 மாதம் நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டாம். பிடித்தால் ஏஎம்சி புதுப்பிக்கும்போது பேசிக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் போதும், கழற்றிக்கொண்டு வந்துவிடுவோம்.

மாட்டுவதற்கு ஒரு யூனிட்டுக்கு 2 மணி நேரம் ஆகும், அதில் அரை மணி நேரம் மெயினை அணைக்க வேண்டியிருக்கும். உங்கள் எலக்ட்ரீஷியன் கூட இருந்தால் நல்லது. மே 4-ஆம் தேதி கத்திரி தொடங்கிவிட்டால் எங்கள் பையன்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, ஆகவே ஏப்ரல் 20-க்குள் உங்களுக்குத் தோதான ஒரு நாளைச் சர்வீஸ் மேஜையில் சொல்லிவிடுங்கள். கடைக்காரர்கள் காலையில் கடை திறக்கும் முன்னும், மண்டபக்காரர்கள் முகூர்த்தம் இல்லாத நாளிலும் வைத்துக்கொள்ளலாம். அந்த மேனேஜர் இதை முதலாளியிடம் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று தெரிவித்தால் அவருடைய மண்டபத்திலேயே முதலில் தொடங்குகிறோம்.