பைக்குள் மூன்று காலிப் புட்டிகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இது கட்டண நினைவூட்டல் அல்ல, தேர்வு அட்டவணையும் அல்ல. பிள்ளைகளைப் பிடிக்கும் போதைப் பழக்கத்தைப் பற்றிய கடிதம். முடிந்தால் இருவரும் சேர்ந்து படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் பையில், எழுத்துப் பிழையை மறைக்கப் பூசும் ஒயிட்னர் புட்டிகள் மூன்று கிடைத்தன. மூன்றும் காலி. அவன் நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பத்து அடித்தல்கள். ஓரிடத்தில்கூட வெள்ளை பூசியிருக்கவில்லை. கைக்குட்டைதான் திட்டுத்திட்டாக வெளுத்து விறைத்திருந்தது. அதில் ஊற்றிப் போதைக்காக முகர்ந்திருக்கிறான். "நோட்டுப் புத்தகம் வாங்கத்தானே காசு கேட்டான்" என்று அவன் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அதுவரை அவன் வகுப்பில் தூங்கியதைச் சோம்பல் என்று நினைத்து நானும் கடிந்துகொண்டிருந்தேன்.

அன்றிரவு அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். விடிந்தபோது பையன் வீட்டில் இல்லை. இரண்டு நாள் தேடினோம்.

போதைப்பொருள் என்றதும் இருட்டுச் சந்தும் முகம் தெரியாத ஆளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளிடமோ அதைப் பெரும்பாலும் பழகிய கைதான் நீட்டுகிறது. சில சமயம் அது நம் அலமாரியிலேயே இருக்கிறது: அறுவை சிகிச்சைக்குப் பின் மிச்சமான வலி மாத்திரை, பாட்டியின் தூக்க மாத்திரை, பாதி தீர்ந்த இருமல் மருந்து. எத்தனை மிச்சம் என்று எண்ணியிருக்கிறீர்களா? நானே போன வாரம்தான் எண்ணினேன்.

2023இல் உலகெங்கும் 31.6 கோடிப் பேர் மது, புகையிலை தவிர்த்த ஏதோவொரு போதைப்பொருளைப் பயன்படுத்தினார்கள் என்கிறது ஐ.நா.வின் உலகப் போதைப்பொருள் அறிக்கை. அந்தக் கணக்கு 15 வயதில் தொடங்குகிறது. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது அது.

பின்விளைவை யோசித்துக் கையைப் பின்னிழுக்கச் சொல்லும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதுவாக்கில் ஆகிவிடும். இன்பத்தைத் தேடும் பகுதி அதற்கு வெகு முன்பே விழித்துக்கொள்கிறது. இளவயதில் தொடங்கினால் பழக்கம் ஆழமாக வேரோடுவது இதனால்தான். ஒயிட்னர், பெயிண்டில் கலக்கும் தின்னர், பசை போன்றவற்றை முகர்ந்தால் முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும். ஓபியம் வகை வலி மாத்திரைகள் மூச்சை மந்தமாக்கும். மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றே போகலாம்.

கண் சிவந்திருந்தாலே சந்தேகப்படாதீர்கள். இரவெல்லாம் போன் பார்த்தாலும் சிவக்கும். பழைய நண்பர்கள் திடீரென்று மறைவது, பணம் சிறிது சிறிதாகக் குறைவது, சட்டையில் ரசாயன நெடி, உயிராக இருந்த விளையாட்டை விட்டுவிடுவது என்று பலவும் ஒன்றுசேரும்போது உட்கார வைத்துப் பேசுங்கள். கோபம் தணிந்த பிறகு பேசுங்கள். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்சை அழையுங்கள். என்ன சாப்பிட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மானம் பார்க்கும் நேரம் அல்ல அது.

பழக்கத்தில் விழுந்த பிள்ளையை நோயாளியாகவே இந்தப் பள்ளி நடத்தும். விற்கிறவர் விஷயம் வேறு. அதில் எனக்கு இரக்கம் கிடையாது.

அந்தப் பையன் சிகிச்சைக்குப் போனான். நடுவில் இரண்டு முறை சறுக்கினான். ஓராண்டு தாமதமாகப் பள்ளிப் படிப்பை முடித்தான்.

பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் என் அறையில் இருப்பேன். பிள்ளையை அழைத்து வர வேண்டியதில்லை. சந்தேகம் மட்டும் இருந்தாலும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்