சொந்தப் பையன் கோச்சா வந்தா விசாரிக்க வேணாமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் கோச் வேட்டை பத்தி மூணு பக்கம் போட்டிருந்தீங்க. விஷயம் நல்ல விஷயம்தான், தமிழ்ல யாரு சார் இதெல்லாம் எழுதுறாங்க. ஆனா ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி, "அந்தக் காலேஜில் விளையாடிய பழைய மாணவரையே கோச்சாக்கினால் பாதி வெற்றி கையில்" அப்படின்னு. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு காபி இறங்கல. அதோட விட்டீங்களா, பென் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க தங்களோட காலேஜ்ல லைன்பேக்கரா, அதாவது எதிரணியைத் தடுக்கிறவரா, ஆடின மேட் ரூலை விட்டுட்டு அயோவா ஸ்டேட்லேர்ந்து மேட் கேம்ப்பெல்லை எடுத்தது பெரிய தப்புன்னு தீர்ப்பு வேற.

சார், நான் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன்ல 22 வருஷமா குடியிருக்கேன். அந்த ரூல் இப்ப எங்க ஊர் நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி டீமோட கோச். அவரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு 2025 அக்டோபர் முழுக்க ஊரே வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருந்துச்சு, கடைசில 2032 வரைக்கும் காண்ட்ராக்ட் நீட்டினப்பதான் மூச்சு வந்துச்சு. அதை நீங்க ஒரே வரில "தப்பு"ன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க.

சொந்தப் பையன் கதையை எங்க கிட்ட சொல்லாதீங்க சார், நாங்க அனுபவிச்சவங்க.

ஸ்காட் ஃப்ராஸ்ட். நெப்ராஸ்கா மண்ணுல பொறந்து, 1997 சாம்பியன் டீமுக்கு க்வார்ட்டர்பேக்கா, அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவரா, ஆடினவர். ஃப்ளோரிடால யூசிஎஃப்ங்கற டீம் 2015ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல, 0-12, அதை ரெண்டே வருஷத்துல 13-0 ஆக்கிக் காட்டினார். 2017 டிசம்பர்ல அவர் இங்க வந்த அன்னிக்கு எங்க ஆபிஸ்ல கேக் வெட்டினாங்க. நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டேன், பொய் சொல்லக் கூடாது.

இப்ப உக்காந்து யோசிச்சா என்ன தோணுதுன்னா, அன்னிக்கு யாருமே ஒரு கேள்வி கூட கேக்கல. நம்ம வீடுகள்ல அத்தை பையன்னா மாப்பிள்ளையை விசாரிக்கவே மாட்டாங்க பாருங்க, "நம்ம கண்ணு முன்னாடி வளந்த புள்ள"ன்னு. வெளி வரன்னா மட்டும் ஆபிஸ் வாட்ச்மேன் வரைக்கும் போய் விசாரிப்பாங்க. எங்க சித்தப்பா பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு, அது வேற கதை. இங்கயும் அதேதான். வெளியாளா இருந்தா, யூசிஎஃப் ஆடின சின்ன லீக் எங்க, வாராவாரம் மலை மாதிரி ஆளுங்க இடிக்கிற, நாங்க ஆடுற பிக் டென் லீக் எங்க, அங்கேர்ந்து கூட்டிட்டு வந்த அசிஸ்டெண்ட் கோச்சுங்க அப்படியே இங்க தாங்குவாங்களா, பந்தை உதைக்கிற கோஷ்டியை யார் பாத்துப்பாங்கன்னு கேட்டிருப்பாங்க. நம்ம பையன், அதனால மாலை மட்டும் போட்டாங்க.

நடந்தது என்ன? 16 ஜெயிச்சு 31 தோல்வி. எட்டு பாயிண்டுக்குள்ள முடிஞ்ச மேட்ச்ல மட்டும் 5 ஜெயிச்சு 22 தோல்வி. 2021ல 3-9, ஒன்பது தோல்வியும் ஒத்தை இலக்க வித்தியாசம். வெளியாளா இருந்தா அன்னிக்கே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பாங்க, இவருக்கு சம்பளத்தைக் குறைச்சு இன்னொரு வருஷம் கொடுத்தாங்க. அந்த வருஷம் முதல் மேட்ச் டப்ளின்ல. 28-17ன்னு முன்னாடி இருக்கோம், அப்ப போய் ஆன்சைட் கிக், அதாவது பந்தைத் தூரமா அனுப்பாம கிட்டக்கவே உதைச்சு நாமளே பிடிக்கப் பாக்குறது. யாராவது முன்னாடி இருக்கும்போது அதைப் பண்ணுவாங்களா? 31-28ல தோத்தோம்.

அப்புறம் 2022 செப்டம்பர் 10, ஜார்ஜியா சதர்ன் மேட்ச். நானும் பையனும் ஸ்டேடியத்துல இருந்தோம். எங்க ஸ்டேடியம் 1962லேர்ந்து ஒரு மேட்ச் விடாம ஹவுஸ்ஃபுல், அன்னி வரைக்கும் நெப்ராஸ்கா இங்க 35 பாயிண்டோ அதுக்கு மேலயோ எடுத்த 214 மேட்ச்லயும் தோத்ததே இல்ல. அன்னிக்கு 42 எடுத்தோம். 36 செகண்ட் மிச்சம் இருக்கும்போது அவங்க க்வார்ட்டர்பேக் தானே ஓடிப் போய் டச் டவுன் போட்டான், 45-42. எங்க பக்கத்து சீட்ல ஒரு வயசான விவசாயி, சீசன் டிக்கெட்காரர், பல வருஷமா முகம் தெரியும், பேர் தெரியாது. அவர் சிவப்புத் தொப்பியைக் கழட்டி, ரெண்டா மடிச்சு, மேல்சட்டை பாக்கெட்ல வச்சுக்கிட்டார். கம்பங்களுக்கு நடுவுல பந்தை உதைக்கிற ஃபீல்ட் கோல், கடைசில எங்க ஆளு முயற்சி பண்ண அதுவும் போகல. ஒருத்தரும் கத்தல சார். பெஞ்சுங்க மேல கால் வச்சு இறங்குற சத்தம் மட்டும்தான். மறுநாள் ஞாயித்துக்கிழமை, நான் இட்லி ஊத்திட்டு இருக்கேன், ஃப்ராஸ்ட்டை எடுத்துட்டாங்கன்னு ஃபோன்ல வருது. இன்னும் மூணு வாரம் பொறுத்து அக்டோபர் 1க்கு அப்புறம் அனுப்பியிருந்தா நஷ்டஈடு ஒன்றரை கோடி டாலர்ல பாதி கொடுத்தாப் போதும். அது வரைக்கும் கூட பொறுக்க முடியல. அதான் பாதி வெற்றியோட லட்சணம்.

இன்னொண்ணு, உங்க கட்டுரைல எங்க பழைய கோச் டாம் ஆஸ்போர்ன் பேரே இல்ல. 255 ஜெயிச்சு 49 தோத்து 3 டிரா பண்ண மனுஷன், மூணு சாம்பியன்ஷிப். அவர் நெப்ராஸ்கா டீமுக்கு ஆடவே இல்ல, ஹேஸ்டிங்ஸ்னு ஒரு சின்ன காலேஜ்ல ஆடினவர். அவருக்கு முன்னாடி 1970லயும் 71லயும் சாம்பியன்ஷிப் ஜெயிச்சுக் கொடுத்த பாப் டெவேனி மிச்சிகன்காரர், வயோமிங்லேர்ந்து வந்தவர். சரி, இங்க ஆடின ஃப்ராங்க் சோலிச் கோச்சா இருந்தாரே, அவர் கதை தெரியுமா? 2003ல நான் பெட்டியோட வந்து இறங்கின வருஷம், 9 ஜெயிச்சு 3 தோத்தார், வேலையை விட்டு எடுத்துட்டாங்க. பின்னாடி 2008ல வந்த போ பெலினி, ஏழு வருஷமும் 9க்குக் குறையாம ஜெயிச்சார், அவரையும் எடுத்தாங்க, அப்புறம் வந்த மைக் ரைலி 19-19. கோச்சை வைக்கிற, தூக்குற இந்த அத்லெடிக் டைரக்டர்ங்க பண்ற கூத்தை எழுதுங்க சார், அதுக்கு மூணு பக்கம் பத்தாது.

ரூலையும் நான் கும்பிடல. கரோலினா பேந்தர்ஸ்ங்கற புரொஃபஷனல் டீம்ல 11-27ன்னு சொதப்பிட்டு வந்தவர், இங்கயும் முதல் வருஷம் 5-7தான். ஆனா டெம்பிள் யுனிவர்சிட்டில 2-10ல ஆரம்பிச்சு மூணாவது வருஷம் 10 ஜெயிச்சார், பேய்லர் யுனிவர்சிட்டில 1-11ல ஆரம்பிச்சு மூணாவது வருஷம் 11-3. ரெண்டுலயும் அவர் ஆடினதில்ல. கெட்ட டீமை ஒரு தடவை தூக்கினா அதிர்ஷ்டம்னு சொல்லலாம், ரெண்டு ஊர்ல ரெண்டு தடவை தூக்கியிருக்காரேன்னு பாத்துதான் கூப்பிட்டாங்க. வெறும் வெற்றிக் கணக்கு பாத்தாலும் ஆகாது. பென் ஸ்டேட்ல முன்னாடி கோச்சா இருந்த ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் 104-45, கேக்க அம்சமா இருக்கும், முதல் பத்து ரேங்க் டீமுங்க கூட மட்டும் எண்ணிப் பாத்தா 4-21.

ஆனா உங்ககிட்ட இதையெல்லாம் எதிர்பாக்குறது என் தப்புதான். 2019ல நான் ஒண்ணரைப் பக்கம் எழுதின கடிதத்தை நாலு வரியா வெட்டி, கீழ "நெப்ராஸ்கா, கனடா"ன்னு போட்டீங்க. என் மச்சான் இன்னமும் கனடா விசா எப்படி கிடைச்சதுன்னு கேட்டு சிரிக்கிறான். அமெரிக்கத் தமிழர் சிறப்பிதழ்னு போட்டா நியூஜெர்சி, கலிஃபோர்னியா, விட்டா டல்லாஸ். நடுவுல இருக்கிற நாங்கல்லாம் சோளக்காட்டு பொம்மை போல. சந்தா மட்டும் வருஷா வருஷம் கரெக்டா கேக்குறீங்க, நானும் கட்டுறேன், ஜனவரி இதழ் மார்ச்ல வருது.

இதுக்கெல்லாம் மேல அந்தப் படம். கட்டுரை அமெரிக்கன் ஃபுட்பால், மேல பெருசா ஒருத்தர் கருப்பு வெள்ளை உருண்டைப் பந்தை உதைக்கிறார். பையன் பாத்துட்டு "அப்பா, இதுவா உன் மேகசின்?"னு கேட்டான். என்ன பதில் சொல்றது? உள்ள ஒரு இடத்துல "ரக்பி"ன்னு வேற இருக்கு.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த இதழ்ல எங்கயாவது ஓரமா, தபால் தலை சைஸ்ல போதும், முட்டை மாதிரி இருக்கிற அந்தப் பந்து படத்தைப் போட்டு, இதுதான்னு ஒரு வரி எழுதிடுங்க. இந்தக் கடிதத்தை வழக்கம்போல வெட்டுறதா இருந்தா சோலிச், ரைலி எல்லாத்தையும் வெட்டிக்கோங்க, ஆஸ்போர்ன் பத்தி எழுதினதை மட்டும் விட்டுடுங்க. லிங்கன் அமெரிக்காலதான் இருக்கு.

இப்படிக்கு,
22 வருஷ வாசகன் (சந்தா பாக்கி இல்லை),
லிங்கன், நெப்ராஸ்கா, அமெரிக்கா