குயிலை வைத்துக் குருவியை எடைபோடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலங்குகளின் நடத்தை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிலந்தி வலை பின்னுவது இயல்பூக்கம் (கற்காமல் பிறவியிலேயே வருவது), நாய் கைகொடுப்பது கற்றுக்கொண்டது என்று இரண்டு பட்டியல் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். அந்த இரண்டும் சரி. ஆனால் குயிலைக் காட்டி, பறவைகளின் பாட்டு முழுக்கப் பிறவியிலேயே வருவது என்று முடித்துவிட்டாரே, அதுதான் இடிக்கிறது.

காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் குயில் குயிலாகத்தான் கூவும், உண்மை. ஆனால் பாடும் பறவைகள் பலவும் கேட்டுத்தான் பழகுகின்றன. வட அமெரிக்காவின் வெண்கொண்டைக் குருவியை விலங்கு நடத்தை ஆய்வாளர் பீட்டர் மார்லர் ஆராய்ந்தார். குஞ்சிலேயே பிரித்துத் தனியாக வளர்த்த குருவிக்குச் சரியான பாட்டு வரவில்லை, ஏதோ அரைகுறையாகத்தான் பாடியது. சரி, கேட்டதையெல்லாம் கற்குமா என்றால் அதுவும் இல்லை. தன் இனத்தின் பாட்டையும் வேறு இனத்தின் பாட்டையும் ஒலிப்பதிவில் போட்டுக் காட்டினால், தன் இனத்தின் பாட்டையே பிடித்துக்கொண்டது. அதுவும் பிறந்த சில வாரங்களுக்குள் காதில் விழ வேண்டும். இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

குரங்குகளின் கதை இன்னும் சுவையானது. ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயம் கிடையாது. வேறொரு குரங்கு பாம்பைப் பார்த்து மிரளுவதைப் பார்த்தால் போதும், சீக்கிரமே பயந்துவிடும். உளவியலாளர் சூசன் மினேகாவும் அவர் குழுவினரும் 1980களில் இதைக் காட்டினார்கள். அப்புறம் வீடியோவில் ஒரு தந்திரம் செய்தார்கள்: பாம்பு இருந்த இடத்தில் பூவை ஒட்டி, குரங்கு பூவைப் பார்த்து அலறுவதுபோல் காட்டினார்கள். பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படவில்லை. பயம் கற்றதுதான், ஆனால் எதற்குப் பயப்படக் கற்கலாம் என்பது பிறவியிலேயே ஓரளவு முடிவாகியிருக்கிறது.

அடுத்த பகுதி தேனீயைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். உணவு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கூட்டாளிகளுக்குச் சொல்லத் தேனீ ஆடும் நடனத்தையும் முழுக்க இயல்பூக்கம் என்று எழுதிவிட வேண்டாம். அனுபவமுள்ள தேனீக்களின் ஆட்டத்தைப் பின்தொடர வாய்ப்பில்லாத இளம் தேனீக்களும் ஆடுகின்றன. ஆனால் திசையிலும் தூரத்திலும் பிழை மிகுதி என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. திசைப் பிழை போகப்போகக் குறைந்தது, தூரப் பிழை கடைசிவரை திருந்தவில்லை. கட்டுரையாளர் இதையும் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்